கிளெய்மை மறுத்துவிட்டார்களா? வாசகர் கேள்வி – பதில்

மருத்துவக் காப்பீடு பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை: பிரீமியத்தை வருடா வருடம் வாங்கிக்கொண்டார்கள், ஆஸ்பத்திரி பில் என்றதும் கைவிரித்துவிட்டார்கள். சிலர் கம்பெனிக்கு எழுதிய முறையீட்டுக் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். குடும்பக் கஷ்டம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, 'உங்களை நம்பித்தானே இருந்தோம்' இருக்கிறது. கம்பெனி என்ன காரணம் சொல்லி மறுத்ததோ அந்தக் காரணத்துக்கான பதில்தான் பல கடிதங்களில் இல்லை. அதைப் பார்ப்போம்.

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். மூன்றே முக்கால் லட்சம் செலவு. பாலிசி எடுத்து ஏழு வருடம் ஆகிறது, ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்திருக்கிறோம். 'பத்து வருடமாக ரத்த அழுத்தம் இருந்ததை மறைத்துவிட்டீர்கள்' என்று முழுத் தொகையையும் மறுத்துவிட்டார்கள். அவர் பிரஷர் மாத்திரை ஆரம்பித்தே நான்கு வருடம்தான் ஆகிறது. இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியும் அதே பதில்தான் வருகிறது. – பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அம்மா, நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய பாயின்ட் அந்த இரண்டு பக்கத்தில் எங்குமே இல்லை. கேள்வியில் போகிற போக்கில் 'ஏழு வருடம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

மாரடோரியம் என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு பாலிசியை இடைவெளி இல்லாமல் 60 மாதம் நடத்தியிருந்தால், அதற்குப் பிறகு 'இதைச் சொல்லவில்லை, அதை மறைத்தீர்கள்' என்று சொல்லி கிளெய்மை மறுக்கக் கூடாது. திட்டமிட்ட மோசடி என்று நிரூபித்தால் மட்டும்தான் மறுக்கலாம். முன்பு இது 8 வருடமாக இருந்தது, 2024 ஏப்ரலில் ஐஆர்டிஏஐ (காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) அதை 5 வருடமாகக் குறைத்தது. நடுவில் வேறு கம்பெனிக்கு போர்ட் செய்திருந்தாலும் பழைய வருடங்கள் கணக்கில் சேரும். ஒரே ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: இடையில் காப்பீட்டுத் தொகையை, மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக என்பது போல, உயர்த்தியிருந்தால், கூடுதலான இரண்டு லட்சத்துக்கு மட்டும் உயர்த்திய நாளிலிருந்து தனியாக 60 மாதம் எண்ணுவார்கள்.

அடுத்து, இந்த 'பத்து வருடம்' எங்கிருந்து வந்தது? அநேகமாக டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அட்மிஷன் நேரத்தில் டியூட்டி டாக்டர் அவசரமாக 'பிரஷர் இருக்கா, எவ்வளவு நாளா?' என்று கேட்பார், பதற்றத்தில் கூட வந்த யாரோ 'அது பத்து வருஷமா இருக்கும் டாக்டர்' என்று சொல்லியிருப்பார், அது கேஸ் ஷீட்டில் ஏறி, அங்கிருந்து சம்மரிக்குப் போய், கடைசியில் கம்பெனியின் மறுப்புக் கடிதத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அதற்காக ஆஸ்பத்திரியில் போய் சம்மரியைத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். திருத்திய சம்மரியைப் பார்த்தால் கம்பெனிக்குச் சந்தேகம்தான் கூடும். சிகிச்சை அளித்த டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணோடு ஒரு விளக்கச் சான்று வாங்குங்கள்: 'பத்து வருடம் என்பது உடன் வந்தவர் வாய்மொழியாகச் சொன்னது, அதற்கு மருத்துவ ஆவணம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை' என்று. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முதன்முதலில் மாத்திரை எழுதிய தேதிக்கு ஒரு சான்று, கிடைத்தால் அந்தப் பழைய சீட்டும்.

இனி கடிதம். ஒரு பக்கம் போதும், ஒன்றரைக்கு மேல் போக வேண்டாம். மேலே பாலிசி எண், கிளெய்ம் எண், மறுப்புக் கடிதத்தின் தேதி. யாருக்கு என்றால் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு. அவருடைய மின்னஞ்சல் பாலிசி ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், கம்பெனி இணையதளத்திலும் இருக்கும். உள்ளே ஏறக்குறைய இப்படி:

'தங்களின் இந்தத் தேதியிட்ட கடிதத்தில், ரத்த அழுத்தத்தை மறைத்ததாகக் கூறி என் கிளெய்மை மறுத்துள்ளீர்கள். இது ஏற்கத்தக்கதல்ல. ஒன்று, இந்தப் பாலிசி இந்தத் தேதி முதல் இடைவெளியின்றி 60 மாதங்களுக்கு மேல் நடைமுறையில் உள்ளது. மாரடோரியம் காலம் முடிந்தபின் இக்காரணத்தைச் சொல்ல இயலாது. தங்கள் கடிதத்தில் மோசடி என்ற குற்றச்சாட்டோ அதற்கான ஆதாரமோ இல்லை. இரண்டு, பாலிசி தொடங்கியபோது என் கணவருக்கு ரத்த அழுத்தம் இருக்கவில்லை. டாக்டர்களின் சான்றுகள் இணைப்பு 1, 2. ஆகவே கிளெய்மை மீண்டும் பரிசீலித்து முழுத் தொகையையும், தாமதத்துக்கான வட்டியையும் வழங்கக் கோருகிறேன். மறுப்பு தொடருமானால், எந்த பாலிசி ஷரத்தின்படி என்பதையும், கிளெய்ம் மறுஆய்வுக் குழு இதை ஒப்புக்கொண்டதா என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கம்பெனிக்குள் இருக்கும் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த மருத்துவக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது, மறுப்புக் கடிதத்தில் குறிப்பிட்ட ஷரத்தையும் காட்ட வேண்டும். இந்த விதி தெரிந்த ஆள்தான் எழுதுகிறார் என்று தெரிந்தாலே கடிதம் போகும் மேஜை மாறும்.

மகளின் கல்யாணக் கடன் பற்றி எழுதியிருந்தீர்களே, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துவிடுங்கள் அம்மா. அதைப் படித்து முடிவெடுக்கும் அதிகாரம் அந்த மேஜையில் யாருக்கும் இல்லை.

டெங்குக்காக என் மகனை மூன்று நாள் அட்மிட் செய்தோம். 'வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம், பரிசோதனைக்காக மட்டும் சேர்த்திருக்கிறீர்கள்' என்று மறுத்துவிட்டார்கள். அட்மிட் செய்யச் சொன்னது டாக்டர், நானா முடிவு செய்தேன்? – வாசகர், ஈரோடு

நல்ல கேள்வி, கடிதத்தில் இதையே கேட்கலாம். ஆனால் கேட்டால் மட்டும் போதாது. மறுப்புக் கடிதத்தில் 'எக்ஸ்கிளூஷன் 04' என்று ஒரு குறியீடு இருக்கிறதா பாருங்கள். பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது என்கிற ஷரத்து அது, எல்லாக் கம்பெனி பாலிசியிலும் ஒரே எண்ணில் இருக்கும். அதை உடைக்க 'சிகிச்சை நடந்தது' என்று காட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி அதற்குப் போதாது, பல ஆஸ்பத்திரிகளில் ஒரே அச்சை எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது கேஸ் ஷீட்டின் முழு நகல்: தினமும் எடுத்த பிளேட்லெட் எண்ணிக்கை, காய்ச்சல் சார்ட், எத்தனை பாட்டில் டிரிப்ஸ் எந்த நேரத்தில் ஏறியது, வாந்தி இருந்ததா, நர்ஸ் எழுதிய குறிப்புகள். தர மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் இழுத்தடித்தால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் வருட நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது.

பிறகு டாக்டரிடம் நான்கு வரிச் சான்று. 'நோயாளி அட்மிஷன் தேவைப்படும் நிலையில் இருந்தார்' என்று பொதுவாக எழுதிக் கொடுப்பார், அதை வாங்கி வராதீர்கள். சேர்த்த அன்று பிளேட்லெட் எவ்வளவு, வாயால் ஏன் திரவம் எடுக்க முடியவில்லை, வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆபத்து என்று எண்களோடு எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த எண்களை நாள்வாரியாக மூன்று வரியில் எடுத்துப் போட்டு, 'நேரில் பார்த்த மருத்துவரின் முடிவை, நோயாளியைப் பார்க்காத ஒருவர் எந்த மருத்துவக் காரணத்தால் மறுக்கிறார், அவருடைய தகுதி என்ன' என்று கேளுங்கள். உங்கள் கேள்வி அங்கே வந்தால் கனமாக விழும்.

பில் 2,40,000. கொடுத்தது 1,50,000. 'ரூம் வாடகை வரம்பை மீறியதால் விகிதாசாரக் கழிவு' என்கிறார்கள். ரூமுக்கு நாளைக்கு 3,000 ரூபாய்தானே கூடுதல், நான்கு நாளைக்கு 12,000தானே பிடிக்க வேண்டும்? – வாசகி, தாம்பரம்

அப்படி இல்லை, ஆனால் அவர்கள் பிடித்ததும் சரியில்லை. இந்தக் கணக்கு கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமையாகப் பாருங்கள்.

உங்கள் பாலிசியில் ரூமுக்கு வரம்பு நாளைக்கு 5,000, நீங்கள் எடுத்தது 8,000. பெரிய ரூம் எடுத்தால் பல ஆஸ்பத்திரிகளில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றுக்கும் கட்டணம் ஏறும். அதனால் அவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவோம் என்று கம்பெனி சொல்லலாம், பாலிசியில் அப்படி எழுதியிருந்தால். ஆனால் மருந்து, நுகர்பொருட்கள், உள்ளே வைக்கும் இம்பிளான்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இவற்றில் இந்த விகிதத்தைப் போடக் கூடாது என்று 2020இலேயே ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. ஐசியூ கட்டணத்திலும் போடக் கூடாது. ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரி என்றால் மற்ற கட்டணங்களில் விகிதம் என்ற பேச்சே இல்லை.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பிரித்தேன். ரூம் 32,000. டாக்டர், தியேட்டர், நர்ஸிங் 88,000. மருந்து, இம்பிளான்ட், டெஸ்ட் 1,20,000. கம்பெனி மொத்த பில்லையும் எட்டில் ஐந்தாக வெட்டியிருக்கிறது, அதனால்தான் 1,50,000. சரியாகப் போட்டால் ரூமுக்கு 20,000, டாக்டர் வகைக்கு 55,000, கடைசி வகைக்கு முழு 1,20,000. ஆக 1,95,000. கம்பெனி உங்களுக்கு இன்னும் 45,000 தர வேண்டும். கடைசி வகையில் பாலிசியில் சேராத சில்லறைப் பொருட்கள் இருந்தால் அது மட்டும் கொஞ்சம் குறையும்.

ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள், 'எங்களிடம் ஜெனரல் வார்டுக்கும் தனி ரூமுக்கும் அறுவை சிகிச்சைக் கட்டணம் ஒன்றே' என்று எழுதிக் கொடுத்தால் 88,000மும் முழுதாக வரும்.

முறையீட்டுக் கடிதத்தில் இந்தக் கணக்கை ஒரு சின்ன அட்டவணையாகவே போடுங்கள்: பில் தொகை, நீங்கள் கொடுத்தது, கொடுத்திருக்க வேண்டியது, வித்தியாசம். வேறு ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

அப்புறம், 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் பயப்படுகிறீர்கள். அப்படிக் கையெழுத்து வாங்குவது பாதிக்கப்பட்டவர் மேலே போகும் உரிமையைப் பறிக்காது என்று 2015இலேயே ஐஆர்டிஏஐ கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தைரியமாக எழுதுங்கள். இனி அப்படி ஏதாவது நீட்டினால் கையெழுத்துக்கு மேலே 'ஆட்சேபத்துடன்' என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

பாலிசி எடுத்து 14 மாதம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு வருடக் காத்திருப்பு என்று மறுத்துவிட்டார்கள். எப்படி முறையிடலாம்? – வாசகர், நாகர்கோவில்

முறையிட வேண்டாம். மறுத்தது சரி. சில நோய்களுக்கு இப்படிக் காத்திருப்பு வைக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு, பாலிசியில் பட்டியலே இருக்கும். அடிபட்டு அதனால் புரை வந்திருந்தால் மட்டும் கதை வேறு, விபத்துக்குக் காத்திருப்புக் காலம் பொருந்தாது. வெறும் வயதால் வந்தது என்றால் கடிதம் எழுதும் நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

முதலில் ஆவணம் போதவில்லை என்றார்கள், கொடுத்தேன். பிறகு தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்றார்கள். அதற்கும் பதில் எழுதினேன். இப்போது பழைய நோய் என்கிறார்கள். இதற்கு முடிவே கிடையாதா? – பெயர் வேண்டாம், காரைக்கால்

இருக்கிறது. ஒரு கோட்டைக் கிழித்துவிடுங்கள். முதல் மறுப்புக் கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ள காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பின்னால் கம்பெனி கொண்டுவர முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது தொழிற்சாலைத் தீவிபத்துக் காப்பீட்டு வழக்குதான், ஆனால் கோட்பாடு உங்களுக்கும் பொருந்தும். தாமதத்தைப் பற்றி: நியாயமான கிளெய்மைத் தாமதம் ஒன்றுக்காக மட்டும் இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று 2011 செப்டம்பரிலேயே ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஐசியூ வாசலில் நின்றுகொண்டிருந்தவர் 24 மணி நேரத்துக்குள் போன் செய்யவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா?

கடிதம் அனுப்பி இரண்டு வாரத்தில் உருப்படியான பதில் இல்லையென்றால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதிவு செய்யுங்கள், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஆனால் அங்கே தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார்கள், கம்பெனியிடம் உங்கள் புகாரைத் தள்ளிப் பதில் சொல்ல வைப்பார்கள், அவ்வளவுதான். சிலருக்கு அதுவே போதும்.

உண்மையான அடுத்த படி காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்து உத்தரவிடும் அதிகாரி. உங்களுக்குச் சென்னை அலுவலகம், தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டோடு புதுச்சேரியும் காரைக்காலும் அதன் கீழ்தான் (மாஹே கொச்சிக்கும் ஏனாம் ஹைதராபாத்துக்கும் போகும்). கட்டணம் கிடையாது. 50 லட்ச ரூபாய் வரை உத்தரவிடலாம். கம்பெனிக்கு நீங்கள் எழுதி, அவர்கள் மறுத்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதிலே சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டவர்கள் ஏராளம், கம்பெனியோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டிக்கொண்டே இருந்து விடுகிறார்கள். ஆம்பட்ஸ்மேன் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். உங்களுக்கு உத்தரவு பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் இங்கே எடுக்க மாட்டார்கள், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

இப்போது புரிகிறதா, கம்பெனிக்கு எழுதும் கடிதத்தை ஏன் இவ்வளவு கறாராக எழுதச் சொல்கிறேன் என்று? நாளை ஆம்பட்ஸ்மேன் முன் வைக்கப்போகும் முதல் காகிதம் அதுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மாரடைப்பு வந்தபோது பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அரசின் நலக் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் அது இல்லை என்று மறுத்துவிட்டார்கள். – வாசகர், மன்னார்குடி

ஐயா, உங்கள் வழி தனி. ஓய்வூதியர் திட்டத்தில் மறுப்பு வந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு மனு போட வேண்டும். மனுவில் 'அவசரம்' என்பதை நேரத்தோடு காட்டுங்கள்: வலி தொடங்கியது எத்தனை மணி, ஆஸ்பத்திரிக்குப் போனது எத்தனை மணி, பட்டியலில் உள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர். அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதற்காக மட்டும் ஓய்வூதியருக்குச் செலவைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மத்திய அரசு ஓய்வூதியர் வழக்கு, ஆனாலும் உங்கள் மனுவில் குறிப்பிடலாம்.

20 சதவீதம் கொடுத்தால் கிளெய்ம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? கடிதத்தை இங்கிலீஷில்தான் எழுத வேண்டுமா? – வாசகி, பல்லடம்

அவர் செய்யப்போவதும் இதே கடிதம்தான், அதற்குப் பதினைந்தாயிரம் இருபதாயிரம் கேட்கிறார். ஆம்பட்ஸ்மேன் முன்னால் வக்கீலோ ஏஜென்டோ உங்களுக்காக வாதாட அனுமதியும் இல்லை, நீங்கள்தான் பேச வேண்டும், வீடியோ காலிலும் விசாரணை நடக்கிறது. கம்பெனிக்குப் போகும் கடிதம் எளிய இங்கிலீஷில் இருந்தால் நல்லது, படிப்பவர் மும்பையிலோ புனேயிலோ உட்கார்ந்திருக்கலாம். முதலில் தமிழில் எழுதி, காலேஜ் படிக்கும் பிள்ளை யாரிடமாவது கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள். ஒரிஜினல் பில் எதையும் நகல் எடுக்காமல் கையை விட்டு விடாதீர்கள்.